விழப்போகிற பால் பல்லுக்கு எதற்கு வைத்தியம்?

உங்கள் மகளுக்கு ஐந்தரை வயது. கீழ்த் தாடையில் இடது பக்கம் கடைசிப் பல்லில் பெரிய சொத்தை. ஒரு வாரமாக ராத்திரியில் அழுதுகொண்டே எழுந்துவிடுகிறாள். ஒரு மருத்துவர் நரம்புக்கு வைத்தியம் பார்த்து மேலே ஸ்டீல் கேப் போடவேண்டும் என்கிறார், இன்னொருவர் எடுத்துவிடலாம் என்கிறார். வீட்டில் பெரியவர்களோ, எப்படியும் விழுந்து முளைக்கப்போகிற பல்தானே, அதற்காகக் குழந்தையை ஏன் இத்தனை தடவை நாற்காலியில் உட்கார வைக்கிறீர்கள் என்கிறார்கள். கூடவே, விழும் பால் பற்களை ஸ்டெம் செல்லுக்காக, அதாவது உடம்பின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லுக்காகச் சேமித்து வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். குழந்தைகளின் பற்களை மட்டுமே பல வருடங்களாகப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் பொதுவாக எது நிச்சயம், எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியும். ஆனால் உங்கள் மகளின் பல்லையும் எக்ஸ்ரேயையும் பார்க்காமல் ‘எடுங்கள்’, ‘எடுக்காதீர்கள்’ என்று நான் சொல்லக்கூடாது. வேறு யாராவது அப்படிச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். நடுக்கோட்டிலிருந்து பின்பக்கமாகப் பற்களை எண்ணுங்கள். இரண்டு வெட்டுப்பல், ஒரு கோரைப்பல், இரண்டு கடைவாய்ப் பல், ஆக மொத்தம் ஐந்து. பால் பல் ஒவ்வொரு பக்கமும் அவ்வளவுதான். வாய் முழுக்க 20. சொத்தையான பல் ஐந்தாவது என்றால் அது இரண்டாவது பால் கடைவாய்ப் பல். ஆறாவதாக வந்தால் அது பால் பல்லே இல்லை. ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. முன்னால் எதுவும் விழவில்லையே, அதனால் இதுவும் பால் பல்தான் என்று நினைத்து அதைக் கோட்டைவிட்ட பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்தரை வயதில், அதுவும் பெரிய சொத்தை என்கிறீர்கள் என்பதால், உங்கள் மகளுக்கு ஐந்தாவது பல்லாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இனி அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

‘விழப்போகிற பல்’ என்பது உண்மைதான். ஆனால் எப்போது விழும்? முன் வெட்டுப்பற்கள் 6, 7 வயதில் ஆடத் தொடங்கும். அதைப் பார்த்துத்தான் எல்லாப் பால் பல்லும் இரண்டொரு வருடத்தில் போய்விடும் என்று நமக்குத் தோன்றுகிறது. பக்கத்து வெட்டுப்பற்கள் 7, 8 வயதில் விழும். முதல் கடைவாய்ப் பற்கள் 9 முதல் 11 வயதுக்குள், கோரைப்பற்கள் 9 முதல் 12 வயதுக்குள். உங்கள் மகளின் அந்த இரண்டாவது கடைவாய்ப் பல் 10 முதல் 12 வயதுக்குள்தான் தானாக விழும். குழந்தைக்குக் குழந்தை ஒரு வருடம் முன்பின் ஆகலாம். ஆகவே அந்தப் பல்லுக்கு இன்னும் குறைந்தது நாலரை வருடம், பெரும்பாலும் ஐந்து ஆறு வருடம் வேலை பாக்கி இருக்கிறது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் ஒரே நியாயம் சொல்ல முடியாது என்பதை வீட்டில் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டியே புரியவைக்கலாம்.

அந்த ஐந்து வருடத்தில் அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். மெல்லுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் மேலே சொன்ன ஆறாவது பல் இப்போது ஈறுக்கு அடியில், தாடை எலும்புக்குள், மேலே வரக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. அது வரும்போது ஐந்தாவது பல்லின் பின்சுவரைத் தடவிக்கொண்டே மேலேறித் தன் இடத்தில் உட்காரும். அந்தச் சுவர் இல்லை என்றால் எலும்புக்குள்ளேயே முன்பக்கமாக நகர்ந்து, காலியான இடத்தில் சாய்ந்து முளைக்கும். பிறகு 11, 12 வயதில் அந்த இடத்துக்கு உரிய முன்கடைவாய்ப் பல் வரும்போது உட்கார இடமிருக்காது. அது எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் நாக்குப் பக்கம் தள்ளி முளைக்கும். பால் பற்களிலேயே அவசரப்பட்டு எடுக்கக்கூடாத பல் எது என்று கேட்டால், ஆறாவது பல் முளைப்பதற்கு முன் இருக்கிற இந்த ஐந்தாவது பல்லைத்தான் சொல்வேன். இதில் குழந்தைப் பல் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டாவது பால் கடைவாய்ப் பல், தனக்குப் பின் வரப்போகிற நிரந்தரப் பல்லைவிட அகலமானது. கோரைப்பல்லையும் இரண்டு கடைவாய்ப் பற்களையும் சேர்த்துப் பார்த்தால், கீழ்த் தாடையில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 1.7 மில்லிமீட்டர், மேல் தாடையில் 0.9 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் மிச்சமாகும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் முன்பற்கள் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு முளைத்த பிள்ளைக்கு, 11 வயதில் அந்த மிச்ச இடத்தை வைத்தே வரிசையைச் சீராக்கிவிட முடிகிறது. பல்லை 5 வயதில் எடுத்துவிட்டால் அந்த மிச்சமும் போய், மேற்கொண்டு இடமும் போகும்.

அடியில் வளர்கிற நிரந்தரப் பல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அது பால் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு நடுவே பொத்திவைத்த மாதிரி இருக்கிறது. ஐந்தரை வயதில் அதன் கிரீடப் பகுதியே, அதாவது பிற்பாடு வாய்க்குள் தெரியப்போகிற தலைப்பகுதியே, இன்னும் முழுதாக உருவாகி முடிந்திருக்காது. பொதுவாக ஒரு பல் தன் வேரில் மூன்றில் இரண்டு பங்கு உருவான பிறகுதான் வாய்க்குள் எட்டிப்பார்க்கும். மேலே இருக்கும் பால் பல்லை மிக முன்னதாகவே எடுத்துவிட்டால், அந்தக் குழியில் எலும்பும் தடித்த ஈறும் மூடிக்கொள்ளும். கீழே இருப்பது வழக்கமான வயதையும் தாண்டித் தாமதமாக வரும். மாறாக, விழ ஓர் ஆண்டே இருக்கும்போது எடுத்தால் புதுப் பல் சற்று முன்னதாகவே வந்துவிடும். ஒரே பல்தான், எடுக்கும் வயதைப் பொறுத்து விளைவு தலைகீழாகிறது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீழ் பிடித்த பால் பல்லை வாய்க்குள் அப்படியே விட்டுவைப்பது பல்லைக் காப்பாற்றுவது ஆகாது. வேர்களுக்கு நடுவே தேங்குகிற சீழ், உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலைக் கெடுக்கலாம். பல வருடம் கழித்து அந்தப் பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ, மேலே பள்ளம் விழுந்தோ முளைக்கும். ஈறில் கொப்புளம் வந்து, உடைந்து, வலி நின்றுபோனதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடும் வீடுகள் அதிகம். வலி நின்றது உள்ளே நரம்பு செத்துப்போனதால். சீழ் வெளியேற ஒரு வழியும் கிடைத்திருக்கிறது. கிருமி அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே வைத்தியம் பார்த்துக் காப்பாற்றுவது, எடுத்துவிட்டு இடத்தைக் காப்பது என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அப்படியே விடுவது தேர்வே இல்லை.

சரி, உங்கள் மகளின் பல்லில் என்ன நடந்திருக்கும்? பால் பல்லின் எனாமல் மெல்லியது, நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். உள்ளே இருக்கும் பற்கூழ், அதாவது நாம் நரம்பு என்று சொல்வது, பல்லின் அளவைப் பார்க்கப் பெரியது. அதன் முன்பக்க முனை மேற்பரப்புக்கு மிகவும் கிட்டத்தில் இருக்கும். அதனால் நிரந்தரப் பல்லில் வருடக்கணக்கில் நகரும் சொத்தை, இதில் சில மாதங்களிலேயே நரம்பைத் தொட்டுவிடும். அதுவும் இரண்டு கடைவாய்ப் பற்களும் அகலமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இடுக்கில் தொடங்கினால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. ஒருநாள் மேல் விளிம்பு பொக்கென்று உடைந்து குழி தெரியும்போதுதான் திடீரென்று வந்த மாதிரி இருக்கும்.

வலியின் குணத்தைக் கவனித்தால் ஓரளவு ஊகிக்கலாம். சாப்பிடும்போது மட்டும், இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் மட்டும் வலித்து உடனே அடங்கினால், நரம்பு தாக்குப்பிடிக்கும் நிலையில் இருக்கலாம். எதுவும் படாமல், தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையை எழுப்புகிற வலி என்றால், பெரும்பாலும் நரம்பு திரும்பமுடியாத அளவுக்கு வீங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். இரண்டு பல்லுக்கு நடுவே சொத்தைக் குழியில் உணவுத் துணுக்கு இறுகி, நடு ஈறைக் குத்திக்கொண்டே இருந்தாலும் இதே மாதிரி ராத்திரியில் வலிக்கும். அந்தத் துணுக்கை எடுத்துச் சுத்தம் செய்ததும் வலி முழுக்கப் போய்விடுகிற குழந்தைகள் உண்டு. படுப்பதற்கு முன் மெழுகு பூசிய பல் நூலை அந்த இடுக்கில் மெதுவாக இறக்கி வெளியே எடுத்துப் பாருங்கள். என்ன வந்தது, வலி மாறியதா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அது உபயோகமான தகவல்.

நரம்பு வைத்தியம் என்று உங்களிடம் சொன்னது இரண்டில் ஒன்றாக இருக்கும். கெட்டுப்போனது மேல்பகுதிக் கூழ் மட்டும், வேர்களுக்குள் இருப்பது உயிரோடு இருக்கிறது என்றால், மேல்பகுதியை மட்டும் நீக்கி, எம்.டி.ஏ. போன்ற மருந்துச் சிமென்டை வைத்து மூடுவார்கள். ஒரே அமர்வில் முடியும். சரியான பல்லைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் இரண்டு வருடம் கழித்தும் பத்தில் எட்டு ஒன்பது பற்கள் தொந்தரவில்லாமல் இருக்கின்றன. வேர்களுக்குள்ளும் செத்துப்போயிருந்தால் அங்கேயும் சுத்தம் செய்து, கரையக்கூடிய பசை மருந்தை நிரப்புவார்கள். பெரியவர்களுக்கு வேர் சிகிச்சையில் நிரப்பும் ரப்பர் போன்ற பொருளைக் குழந்தைக்கு வைக்கமாட்டார்கள். பால் பல்லின் வேர் பிற்பாடு கரையவேண்டும், மருந்தும் அதோடு சேர்ந்து கரையவேண்டும். இரண்டாவது வகையின் வெற்றி விகிதம் முதல் வகையைவிடக் குறைவு, அதிலும் எக்ஸ்ரேயில் வேர் கரைந்திருப்பது தெரிந்தால் இன்னும் குறைவு. ஸ்டீல் கேப் ஆடம்பரமோ மேற்கொண்டு பணம் வாங்கும் வழியோ இல்லை. நரம்பு எடுத்த பால் கடைவாய்ப் பல் சுற்றுச்சுவர் மெலிந்து உடைந்துவிடும், சாதாரண அடைப்பு ஓரத்தில் கசியும், உள்ளே கிருமி மறுபடி புகும். வைத்தியம் தோற்றுப்போகும் இடங்களில் முக்கியமானது இந்தக் கசிவுதான். கேப், பல் விழும்போது அதோடு சேர்ந்தே விழுந்துவிடும்.

நரம்பு வரை போகாத சொத்தைக்கு இன்று மென்மையான வழிகள் வந்துவிட்டன. உங்கள் மகளின் மற்றப் பற்களுக்கு இது உதவலாம். ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர், சொத்தையைத் தோண்டாமல், ஊசி போடாமல், ஸ்டீல் கேப்பை மேலே சிமென்ட் வைத்து அழுத்தி மூடிவிடும் முறையைக் கையாண்டார். காற்றும் உணவும் கிடைக்காத கிருமி உள்ளேயே முடங்கிவிடும். முதலில் பலர் நம்பவில்லை, நானும் தயங்கியவன். முறையான ஒப்பீட்டு ஆய்வுகள் வந்தபிறகு அது நல்ல பலன் தருகிறது என்பதில் ஐயமில்லை. சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவிச் சொத்தையை நிறுத்துவது இன்னொரு வழி. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தடவவேண்டும். ஆனால் ராத்திரி வலி தொடங்கிவிட்ட பல்லுக்கு இந்த இரண்டும் உதவாது. நரம்பு கெட்ட பல்லைக் கேப் போட்டு மூடினால் சீழ்தான் பிடிக்கும்.

எல்லாப் பால் பல் சொத்தைக்கும் இப்படி வைத்தியம் பார்த்தே ஆகவேண்டுமா என்று கேட்டால், அங்கே தெளிவான ஒற்றைப் பதில் கிடையாது. பிரிட்டனில் 3 முதல் 7 வயதுவரையிலான 1,144 குழந்தைகளை மூன்று பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமாகத் தோண்டி அடைப்பது, ஒரு பிரிவுக்குத் தோண்டாமல் மூடிவைப்பது, இன்னொரு பிரிவுக்குத் துலக்குதல், ஃபுளோரைடு, உணவுப் பழக்கம் போன்ற தடுப்பு மட்டும். மூன்று பிரிவிலும் பத்தில் நான்கு பேருக்கு மேல் வலியோ சீழோ வந்தது. பிரிவுகளுக்கிடையே சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதனால் வைத்தியமே வீண் என்று ஆகாது. ஆய்வில் சேரும்போது வலியோ சீழோ இல்லாத குழந்தைகள் அவர்கள், உங்கள் மகள் அந்த நிலையைத் தாண்டிவிட்டாள். ஆனால் வலியில்லாத சின்னச் சொத்தை ஒவ்வொன்றையும் தோண்டியே தீரவேண்டும் என்று ஒருவர் அவசரப்படுத்தினால், ஏன் என்று கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

இப்போது, தயங்காமல் எடுக்கவேண்டிய இடங்கள். பல் ஈறு மட்டத்துக்கு உடைந்து கேப் பிடிக்கக்கூட இடமில்லை என்றால். எக்ஸ்ரேயில் வேர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தால், அல்லது வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு பெரிதாக அரித்திருந்தால். வைத்தியம் செய்தும் கொப்புளம் திரும்பத் திரும்ப வந்தால். முகம் வீங்கும் அளவுக்குக் கிருமி பரவியிருந்தால். சில குழந்தைகளுக்கு உடம்பின் நிலையே தீர்மானிக்கும். பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கும் சந்தேகத்துக்குரிய நரம்பை வாயில் விட்டுவைப்பதைவிட எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று முடிவெடுப்போம், அதுவும் அவர்களைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்டுத்தான். ஹீமோஃபிலியா போல இரத்தம் உறையாத நோய் உள்ள குழந்தைக்கு இதுவே நேர்மாறு. பல்லைப் பிடுங்குவதுதான் அங்கே ஆபத்து, முடிந்தவரை காப்பாற்றப் பார்ப்போம். இன்னொன்று: எடுக்கும் முன் கீழே நிரந்தரப் பல் இருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும். கீழ்த் தாடையில் இந்த இடத்துக்கு வரவேண்டிய முன்கடைவாய்ப் பல், பிறவியிலேயே உருவாகாமல் போகிற பற்களில் முன்னணியில் இருக்கிறது. வாரிசு இல்லாத பால் பல் நன்றாகப் பார்த்துக்கொண்டால் நடுவயது வரைகூட நிற்கும். ஐந்தரை வயதில் எக்ஸ்ரேயில் அந்த முளை இன்னும் தெளிவாகத் தெரியாமலும் போகலாம், அதனால் இந்த ஒரு விஷயத்தில் உடனே உறுதி கிடைக்காவிட்டால் மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள்.

எடுப்பதென்று முடிவானால் இடம்காப்பான் பற்றி அதே நாளில் பேசுங்கள். இடம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே குறைந்துவிடும், பிறகு பார்க்கலாம் என்பதற்கு நேரமில்லை. வழக்கமாகப் பின்பல்லில் ஒரு வளையமும் முன்னோக்கி நீளும் கம்பியும் வைத்து இடத்தைப் பிடித்துவைப்பார்கள். உங்கள் மகளுக்கு ஆறாவது பல் இன்னும் வரவில்லை என்றால் வளையம் மாட்டப் பின்னால் பல்லே இல்லை. அதற்கென்று ஈறுக்குள் சின்னத் தகடு இறங்கி, வரப்போகும் பல்லுக்கு வழிகாட்டும் வகை ஒன்று உண்டு. பொருத்துவது கடினம், சுத்தமாக வைப்பது அதைவிடக் கடினம். அதனால்தான் இந்த வயதில் பல்லையே இடம்காப்பானாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறோம். இதுவே நான்காவது பல், அதாவது முதல் பால் கடைவாய்ப் பல்லாக இருந்து, ஆறாவது பல்லும் முளைத்து நன்றாகப் பொருந்திவிட்ட குழந்தையாக இருந்தால், இழப்பு ஒரு மில்லிமீட்டர் ஒன்றரை மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. அங்கே இடம்காப்பான் அவசியமா என்பதில் மருத்துவர்கள் இன்னமும் வேறுபடுகிறார்கள். மேல் முன்பற்கள் சீக்கிரம் போனால் இடம் அவ்வளவாகக் குறைவதில்லை. தோற்றத்துக்காகச் செயற்கைப் பல் வைப்பது குடும்பத்தின் விருப்பம்.

பல் எடுக்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம். ‘வலிக்கவே வலிக்காது’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ‘ஊசி’, ‘பிடுங்குவது’ என்ற சொற்களையும் வீட்டிலேயே உருட்டாதீர்கள். பல்லைத் தூங்கவைப்பார்கள், அப்புறம் அழுத்துவது மாதிரி இருக்கும், அவ்வளவு சொன்னால் போதும். எடுத்தபின் பஞ்சுத் துணியைக் கடித்தபடி 20, 30 நிமிடம் வைத்திருக்கவேண்டும். எச்சில் சிவப்பாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம், துப்பிக்கொண்டே இருந்தால்தான் இரத்தக் கட்டி கலைந்து மறுபடி கசியும். பெற்றோரை அன்று மாலை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும். விநோதமாக இருக்கிறதே என்று குழந்தை அதைக் கடித்து, உறிஞ்சி, கிள்ளி விளையாடும். மறுநாள் கீழுதடு வீங்கி, உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்து புண்ணாகியிருக்கும். பார்த்தால் சீழ் மாதிரியே இருக்கும், ஆனால் அது கடித்த காயம். ஒரு வாரம் பத்து நாளில் தானாக ஆறும், ஆன்டிபயாடிக் வேண்டாம். மரமரப்பு போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்துக்கொண்டால் இது நேராது. மெல்லவேண்டிய எதையும் அதுவரை கொடுக்காதீர்கள்.

கேட்காமலே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் சீக்கிரமே தேவைப்படும். கீழ் முன் வெட்டுப்பல் விழாமலிருக்கும்போதே பின்னால் நாக்குப் பக்கம் புதுப் பல் முளைத்து இரட்டை வரிசையாகத் தெரியலாம். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் அவளையே நாக்கால், சுத்தமான விரலால் ஆட்டச் சொல்லுங்கள். அது விழுந்ததும் நாக்கின் அழுத்தமே புதுப் பல்லை முன்னுக்குக் கொண்டுவரும். சில மாதமாகியும் பால் பல் அசையவே இல்லை என்றால் எடுத்துவிடலாம். நூல் கட்டி வெடுக்கென்று இழுப்பது வேண்டாம். அடுத்தது, விழுந்து அடிபட்டுப் பால் பல் முழுதாக வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்ப குழியில் வைக்கக்கூடாது, அடியில் இருக்கும் நிரந்தரப் பல் முளை நசுங்கும். நிரந்தரப் பல் வெளியே வந்தால் அதற்கு நேரெதிர்: வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து உடனே குழியில் வைக்கவேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், மருத்துவரிடம் ஓடவேண்டும்.

ஸ்டெம் செல் விஷயத்துக்கு வருகிறேன். பால் பல்லின் கூழில் அத்தகைய செல்கள் இருப்பது உண்மை. 2003இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அடிபட்டு நரம்பு செத்த குழந்தைகளின் நிரந்தர முன்பல்லுக்குள், அவர்களின் பால் பல்லிலிருந்தே எடுத்த செல்களை வைத்துக் கூழைத் திரும்ப உருவாக்கிய சிறிய ஆய்வு சீனாவில் நடந்து 2018இல் வெளியானது. நம்பிக்கை தருகிற தொடக்கம். ஆனால் சேமித்த பால் பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இந்த நோய் தீரும் என்று சொல்லக்கூடிய, வழக்கத்துக்கு வந்த சிகிச்சை இன்று ஒன்றுகூட இல்லை. சர்க்கரை நோய், முதுகுத்தண்டு பாதிப்பு என்று விளம்பரத்தில் அடுக்குவதெல்லாம் இன்னும் ஆய்வு நிலையிலேயே இருப்பவை. அதோடு, சேமிப்பதற்குக் கூழ் உயிரோடு இருக்கவேண்டும். உங்கள் மகளின் இந்தச் சொத்தைப் பல் அதற்கு உதவாது. வேர் முழுக்கக் கரைந்து தானாக விழுந்த பல்லிலும் கூழ் சொற்பமே மிஞ்சியிருக்கும். டப்பாவில் உலர்த்தி வைத்த பல் ஞாபகத்துக்கு நல்லது, செல்லுக்குப் பயன்படாது. என்னிடம் கேட்கும் பெற்றோரிடம் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. கையில் மிச்சமிருப்பதை இப்போது வாயில் இருக்கும் பற்களைக் காக்கச் செலவிடுங்கள் என்பேன்.

இந்த வாரம் செய்யவேண்டியது: அந்தப் பல்லின் வேர் நுனிவரை தெரிகிற ஓர் எக்ஸ்ரே. அதை வைத்துக்கொண்டு மூன்றைக் கேளுங்கள். வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு அரித்திருக்கிறதா? வேர் கரையத் தொடங்கியிருக்கிறதா? ஆறாவது பல் எவ்வளவு தூரம் மேலே வந்திருக்கிறது? எலும்பும் வேரும் நன்றாக இருந்தால் கேப் போடச் சொன்னவர் பக்கம்தான் நான் நிற்பேன். அரித்திருந்தால் எடுக்கச் சொன்னவர் சரி, ஆனால் இடத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்ற பதிலோடு. அதுவரை வலிக்குப் பாராசிட்டமால், எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. கிராம்புத் தைலத்தை ஈறில் ஊற்றாதீர்கள், வெந்துவிடும். பழைய ஆன்டிபயாடிக் பாட்டிலை எடுத்துக் கொடுக்காதீர்கள். செத்த நரம்புக்குள் இரத்த ஓட்டமில்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. வீக்கத்தைத் தற்காலிகமாக வடியவைத்துப் பிரச்சினையை மறைக்கும். கன்னமோ தாடைக்கடியோ வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும், கண் மூடும் அளவுக்கு வீக்கம் ஏறினாலும், வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலும் பல் மருத்துவருக்குக் காத்திருக்காமல் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், அது எந்த ராத்திரியாக இருந்தாலும்.

நாற்காலியில் இருக்கும்போதே வலது பக்கத்தையும் மேல் தாடையையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்க இடுக்கில் சொத்தை வந்த குழந்தைக்கு மறுபக்க இடுக்கிலும் தொடங்கியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன், அங்கே இன்னும் ஊசி இல்லாமலே முடிக்கலாம். ராத்திரிப் பல் துலக்கலை இன்னும் இரண்டு வருடத்துக்காவது நீங்களே செய்யுங்கள், 1000 பி.பி.எம். ஃபுளோரைடு உள்ள பசையில் பட்டாணி அளவு போதும். துலக்கியபின் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். எக்ஸ்ரேயில் அந்த மூன்றுக்கும் என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.